வலிச்செவி

காலையில் கண் விழித்ததும் துளசிமணி முதலில் செய்வது வாயை இறுக்கி மூடிக்கொள்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இடது முட்டியின்மேல் வெந்நீர்ப் பையை வைப்பாள். சூடு இறங்கியதும் முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் காலால் அமுக்குவாள், பிறகு காலை நேராக நீட்டித் தூக்கி இறக்குவாள். அறுபத்தேழு வருஷம் உழைத்த முட்டி, உள்ளே நன்றாகத் தேய்ந்துவிட்டது. முதல் சில தடவை உயிர் போய் உயிர் வரும். போகப் போக மூட்டு இளகிக்கொடுக்கும். அப்புறம் வீட்டு வேலையையும் பார்த்து, மொட்டை மாடியைச் சுற்றியும் வந்துவிடலாம். நடந்தால்தான் அது கால், உட்கார்ந்தால் வெறும் கட்டை என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

அன்று நடைத் தேர்வு. வருஷத்துக்கு ஒரு முறை அலுவலர் வந்து, இன்னும் நடக்கவிடலாமா என்று படியேற வைத்துப் பார்ப்பார்கள். அந்தப் பதற்றத்தில் கட்டிலைவிட்டு இறங்கும்போது முட்டி சுருக்கென்றது. "முரு..." என்று பாதி வார்த்தை வெளியே வருவதற்குள் மிருதுளா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"துளசி! போன வாரப் புதுப்பிப்புல அதையும் சேர்த்துட்டாங்க. மறந்துட்டியா?"

"சாமி பேரைக்கூடவா?"

"மெல்லப் பேசு."

மிருதுளா அவள் பெற்ற மகள்தான். பெற்றவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். கோவையின் அந்த அடுக்ககத்தில் முட்டி வலிக்காரர் இருக்கும் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

காரணம் வாசற்கதவுக்கு மேலே இருந்தது. மிளகளவு ஓட்டை, பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. அதற்கு வலிச்செவி என்று பேர். முதியோர் மூட்டுப் பாதுகாப்புக்காக அரசு வைத்த சென்சார். வலித்தால் தேய்கிறது, தேய்ந்தால் ஓய்வு வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் எண்ணம். வீட்டில் கேட்கும் வலிச்சத்தம் அளவைத் தாண்டினால் ஆளைத் 'தாங்கி'யில் உட்கார வைத்துவிடுவார்கள். தாங்கி என்பது தானே ஓடும் இருக்கை. சொகுசுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு முறை அதில் உட்கார்ந்தவர் எழுந்து நடந்துபோனால் எந்தக் கதவும் அவருக்குத் திறக்காது.

வலிச்செவியைச் செய்தவர்களுக்கு எந்தப் புண்ணியவானோ சொல்லியிருக்கிறான், தமிழர்கள் வலித்தால் 'அம்மா' என்பார்கள் என்று. உண்மைதான். வலிக்காதபோதும் நாம் அதையேதான் சொல்லித் திரிகிறோம் என்பதை அவன் சொல்லாமல் விட்டுவிட்டான். 'வாம்மா', 'சொல்லும்மா', 'அம்மா, கீரை' எல்லாமே அதன் காதுக்கு வலிதான். யார் குரல் என்ற பேதமும் அதற்குக் கிடையாது. அந்த வீட்டில் யாருக்கு முட்டி தேய்ந்திருக்கிறதோ அவர் தலையில் கட்டிவிடும். முறையிட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பு கொஞ்சம் கூடினால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று பதில் வந்தது.

எதிர்வீட்டு அர்த்தநாரியின் மாமியார் தவறியபோது, அவர் மனைவி அழாமல் என்ன செய்வாள்? "என்னப் பெத்த அம்மா" என்று மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் அர்த்தநாரியை உட்கார வைத்துவிட்டார்கள். சைக்கிளில் மார்க்கெட் போய்வந்த மனிதர். இப்போது தாங்கியில் அவர் வேட்டிக்குள் தொடைகள் இருக்கிற இடமே தெரியவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் துளசிமணி தன் தொடையைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அவரை உட்கார வைத்த அன்றைக்கே அவள் மகளிடம், இனிமேல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லிவிட்டாள். 'அம்மிணி' என்று மகளைக் கொஞ்சுவதையும் விட்டாள். அதில் பாதி கேட்டாலும் போதுமே அந்த ஓட்டைக்கு.

தேர்வு அலுவலர் வந்தாள். மிருதுளா வயதுதான் இருக்கும், சிரித்த முகம். கையிலிருந்த கருவியைத் தட்டியதும் பச்சை விளக்கு அணைந்தது.

"தேர்வு முடியற வரைக்கும் காதை மூடிட்டனுங்க. படிக்கட்டுல இருக்கற சென்சார் நடையை மட்டுந்தான் பாக்கும். வலிச்சாத் தாராளமாக் கத்துங்க. ஏறுங்கம்மா."

அந்த வார்த்தையைக் கேட்டதும் தாயும் மகளும் ஒரே சமயத்தில் கதவுக்கு மேலே பார்த்தார்கள். விளக்கு எரியவில்லை.

துளசிமணி கைப்பிடியைப் பற்றினாள். ஏறும்போது நல்ல காலை முதலில் வைத்தாள். மேல் தளம்வரை ஒரு குறையும் இல்லை. திரும்பி இறங்கும்போது நோகும் காலை முதலில் இறக்கினாள். பாதி வழியில் முட்டி பூட்டிக்கொண்டது. மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. நெற்றியில் வேர்வை பொடித்தது. கத்தலாம் என்றுதான் அலுவலர் சொன்னாள், ஆனால் அதுவே தேர்வாக இருந்தால்? தாங்கி கீழே எங்கோ காத்திருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. உதட்டைக் கடித்தபடி குதிகாலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினாள், காலையில் கட்டிலில் ஆட்டுவதுபோலவே. உள்ளே ஏதோ நழுவி, கால் அசைந்தது. மீதிப் படிகளை இறங்கி முடித்தாள்.

"போன வருஷத்துக்கு இது தேவலைங்க. தொடையில நல்ல பலம் இருக்குது. இந்த வருஷமும் நீங்க நடக்கலாம்" என்றாள் அலுவலர். போகும்போது வாசலில் நின்று குரலைத் தணித்தாள். "காது தானாத் திறக்கக் கொஞ்ச நேரமாகும். ஏதாச்சும் பேசறதுன்னாப் பேசிக்குங்க."

கதவு சாத்திக்கொண்டது. துளசிமணி நாற்காலியில் சாய்ந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நெஞ்சு பொங்கியது. யாரோ ஊர் பேர் தெரியாத பெண் வாய் நிறையக் கூப்பிட்டது இன்னும் காதிலேயே இருந்தது. அவளுக்கு ஆசை வந்துவிட்டது.

"அம்மிணி, இங்க வா. ஒருக்கா கூப்புடு."

மிருதுளாவுக்குப் புரிந்தது. அருகில் வந்து தரையில் உட்கார்ந்தாள். அணைந்திருந்த விளக்கைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள்.

"அ..." என்று வாய் திறந்தது. அடுத்த எழுத்துக்கு உதடுகள் சேர்ந்தன. சேர்ந்தவை பிரியவில்லை. கண்ணில் நீர் முட்டி, கழுத்து நரம்பு புடைத்தது. இத்தனை வருஷம் தாயைக் காப்பாற்றிய உதடு, தாயே கேட்டும் திறக்க மறுத்தது.

"காது மூடித்தான் இருக்குது. பயப்படாத, சொல்லு."

"வரமாட்டேங்குது துளசி" என்றாள் மிருதுளா.

படிக்கட்டில் முட்டி பூட்டிக்கொண்டபோதுகூட துளசிமணி இப்படிப் பயந்ததில்லை. மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லு, சொல்லு என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், பச்சை விளக்கு எரிகிற வரைக்கும்.