நாத்தனாரை விழுங்கிய குகை

“இனிமே உங்ககூட ஒரு வார்த்தை பேசினா என் பேரு கோதை இல்ல!”

கத்திவிட்டு டார்ச்சுடன் குகைக்குள் புகுந்தாள் திலகவதியின் நாத்தனார். அவள் கால் வைத்த வேகத்தில் எகிப்துப் பாலைவனமே ஒரு முழம் கீழே இறங்கியது!

சண்டை ஒரு உயிரெழுத்துக்காக. மதுரையில் மாவரைத்துக்கொண்டே பழைய எகிப்து மொழி படித்தவர்கள் இருவரும். நம் வினைச்சொல்லின் வாலில் ஏன், ஆய், ஆன் ஒட்டுவதுபோல அதிலும் ஒட்டும். செஜெம்-இ, நான் கேட்கிறேன். செஜெம்-எக், நீ கேட்கிறாய். செஜெம்-எஃப், அவன் கேட்கிறான். ஒருத்தி ஒன்றைச் சொன்னால் மற்றவள் அடுத்ததைச் சொல்ல வேண்டும். தவறினால் பாத்திரம் தேய்க்க வேண்டும். கோதை தேய்த்ததாகச் சரித்திரமே இல்லை!

ஆனால் அந்தக் காலத்தவர்கள் உயிரொலிகளை எழுதி வைக்கவில்லை. அண்ணி ‘செஜெம்’ என்பாள். நாத்தனார் ‘சோஜெம்’ என்பாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களோ மம்மிகளாகிப் படுத்திருந்தார்கள்.

சுவரெல்லாம் பறவையும் பாம்புமாகக் கிறுக்கிய குகை ஒன்று இருப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னதை நம்பி வந்த பயணம் இது. ஜீப் ஓட்டி வந்த மஹ்மூத் இதற்குள் ஒரே ஒரு தமிழ்ச்சொல் கற்றிருந்தார்.

“ஐயோ!” என்றார் இப்போது, வானத்தைக் காட்டி. மலைபோல மணற்புயல்! வந்தால் குகை வாயை மூடிவிடும்.

திலகவதி உள்ளே ஓடினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு இருட்டு வழி.

“கோதை! புயல் வருதுடி!”

குகை அதையே திருப்பிக் கத்தியது. பதில் இல்லை. பிடிவாதக்காரி! பாம்பு விழுங்கினாலும் வாயைத் திறக்க மாட்டாள். ஆனால் பாத்திரம் தேய்க்கச் சம்மதிப்பாளா?

“செஜெம்-இ!”

எதிரொலிதான் வந்தது. கல்யாணமாகி வந்த நாள்முதல் விட்டுக்கொடுக்காத உயிரெழுத்தைத் திலகவதி அங்கேயே விட்டாள்.

“சோஜெம்-இ!”

இடப்பக்க இருட்டிலிருந்து உடனே வந்தது: “சோஜெம்-எக்! அப்படிச் சொல்லுங்க அண்ணி! கால் பிசகிடுச்சு, பள்ளத்துல கிடக்கேன்!”

“அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“பேசமாட்டேன்னு சொல்லிட்டேனே!”

பின்னாலேயே ஓடிவந்த மஹ்மூத் கயிறு இறக்கினார். டார்ச் வெளிச்சம் பள்ளத்துச் சுவரில் பட்டது. வரி வரியாகப் பட எழுத்துகள்: பசுவின் காது, ஆந்தை, கொம்புப் பாம்பு! ‘கேட்கிறான்’, ‘கேட்கிறாள்’ என்று அந்தக் காலத்து மாணவன் யாரோ எழுதிப் பழகிய அதே வினைச்சொல்! முழுதாக!

“பாத்தீங்களா, நான் விழுந்ததாலதான் கிடைச்சுது!”

“ஆமாம்மா, நீ விழாம இருந்தா எகிப்தே இல்ல. ஏறு!”

படம் எடுத்துக்கொண்டு ஜீப்பில் பாய்ந்தார்கள். பின்னால் இருபது யானைகள்போலப் புயல் துரத்தியது, தோற்றது! ஊர் விளக்குகள் தெரிந்தபோது மஹ்மூத் ஆங்கிலத்தில் கேட்டார்: “உங்களில் யார் சொல்வது சரி?”

“அவதான்,” என்றாள் அண்ணி.

“அவங்கதான்,” என்றாள் நாத்தனார்.

கேட்க ஒரு ஆள் இருக்கும்போது எப்படி உச்சரித்தால் என்ன?

அன்று பாத்திரத்தை இருவரும் சேர்ந்தே தேய்த்தார்கள்.