தமயந்திக்குக் கிடைத்த வேடம்

செவ்வாய் கிரகத்தில் புழுதிப் புயல் தொடங்கினால் நான்கு மாதத்துக்கு யாரும் கூரைக்கு வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் ஞாயிறு மாலையானால் குடியேற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சினிமாவுக்குள் போய்விடுவார்கள். பார்ப்பதற்கு அல்ல, நடிப்பதற்கு. குடும்பத்துக்கு ஓர் அறை. இருக்கையில் உட்கார்ந்ததும் 'முகமேற்றி' என்ற இயந்திரம் உங்கள் முகத்தைப் படித்து, படத்தில் எந்தப் பாத்திரத்துக்கு நெருக்கமோ அதில் பொருத்திவிடும். கைவசம் இருந்தவை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்கள் மட்டும்தான். உரிமை காலாவதியானதால் பூமி தாராள மனதோடு அனுப்பி வைத்திருந்தது.

தமயந்தி அங்கே பிராணவாயு ஆலையின் தலைமைப் பொறியாளர். நாலாயிரம் பேர் மூச்சு விடுவது அவள் தயவில். ஆனால் திரையில், ஒன்பது வாரமாக, ஏதோ ஒரு நியூயார்க் வீட்டு வேலைக்காரியாகக் கதவைத் திறந்து விருந்தாளிகளின் கோட்டுகளை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அறை ஹெல்காவோ அதே படத்தில் முத்துமாலை போட்டுக்கொண்டு கதாநாயகனோடு டெலிபோனில் கொஞ்சினாள்.

ஆறு வயது மகள் மகிழினி ஒரு நாள் கேட்டாள்.

"ஏம்மா, நம்மள மாதிரி கறுப்பா இருக்கறவங்க லவ்வே பண்ண மாட்டாங்களா?"

அன்றிலிருந்து தமயந்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. அரங்க மேலாளர் ராஜரத்தினத்திடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"இருநூத்திப் பதினாலு படம் இருக்கு மேடம். உங்க நிறத்துல வர்றவங்க வேலைக்காரி, சமையல்காரி, ரயில்ல பெட்டி தூக்கறவர். மெஷின் என்ன பண்ணும்?"

"படம் எடுத்தவங்களுக்குத்தான் கண்ணு தெரியல சார். உங்க மெஷினுக்குமா?"

மனு ஆட்சிமன்றத்துக்குப் போனது. ஒரு மாதம் நாயாய் அலைந்தாள். விசாரணையன்று மேசையைத் தட்டிச் சொன்னாள்:

"நாங்க எப்படித் தெரியணும்னு நாங்கதான் முடிவு பண்ணணும். மெஷின் இல்ல!"

மன்றம் கைதட்டியது. அந்த வாக்கியத்தையே சட்டமாகவும் ஆக்கியது. இனி பார்ப்பவரே தம் வேடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். முகத்தையும் இயந்திரம் தானாகப் படிக்காது. அவரவர் தம்மைத் தாமே எடுத்துச் சேமித்த புகைப்படங்களைப் பார்த்து, அவர்கள் விரும்பியபடியே அமைத்துக்கொள்ளும்.

முதல் காட்சி. மகளை மடியில் வைத்துக்கொண்டு தமயந்தி 'கதாநாயகி' பொத்தானை அழுத்தினாள். முத்துமாலையோடு கதாநாயகி படியிறங்கி வந்தாள். தமயந்தியின் மூக்கு, தமயந்தியின் கண். நிறம் மட்டும் தோலுரித்த பாதாம்பருப்பு.

அழைப்பு மணியை அழுத்திக் கத்தினாள். "இது யாரு சார்?"

"நீங்கதான் மேடம்," என்றது ராஜரத்தினத்தின் குரல். "உங்க சேமிப்புல ரெண்டாயிரத்து முன்னூறு போட்டோ இருக்கு. ஒவ்வொண்ணுலயும் வெளுப்ப நீங்களே கூட்டி வச்சிருக்கீங்க. மெஷின் உங்க முடிவத்தான் எடுத்துக்கிச்சு. கை வைக்காத போட்டோ ஒண்ணு குடுங்க, மாத்திடறேன்."

தமயந்தி கைத்திரையில் பதினொரு வருடங்களைப் புரட்டினாள். கல்யாணம், ஆலையில் பதவியேற்ற நாள், பிரசவ அறை. ஒன்றுகூடத் தேறவில்லை. மகளைப் பக்கத்தில் வைத்து எடுத்தவற்றில் மகளுக்கும் சேர்த்தே வெளுப்பைக் கூட்டியிருந்தாள்.

திரையில் கதாநாயகன் கதாநாயகியைக் கட்டியணைத்தான். மகிழினி அவர்களைப் பார்க்கவே இல்லை. கண்கொட்டாமல் படத்தின் ஓரங்களில் தேடிக்கொண்டிருந்தாள்.

"படமே முடியப்போவுது. நீ எப்பம்மா வருவ?"