சுபானி குரல் கொடுத்த படம்

நேற்று ஒத்திகை பார்த்தபோது படத்தில் வரும் அந்தப் பெண் அடுப்பைப் பார்த்தபடி, முதுகு காட்டித்தான் நின்றாள். இன்று திரும்பி நிற்கிறாள்.

சுபானிக்கு முதலில் தன் ஞாபகத்தின் மேல்தான் சந்தேகம் வந்தது. பெர்லினில் நடக்கும் சிறுவர் திரைப்பட விழாவில் பல வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. எழுத்துக்கூட்டத் தெரியாத வாண்டுகளுக்குத் திரையின் அடியில் வசனம் போட்டு என்ன பயன்? அதனால் அரங்கின் பின்னால், கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு, ஓடுகிற படத்தின் மேலேயே எல்லோருக்குமாக அவள் ஒருத்தியே ஜெர்மனில் பேசுவாள். கிழவனுக்கும் அவள்தான், குழந்தைக்கும் அவள்தான். விழா முடிவதற்குள் எந்த முதுகு எந்தப் படத்தில் என்று யாருக்குத்தான் நினைவிருக்கும்?

மைக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் படம் ஓட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள். "நிசாந், நேற்றுப் பாத்த படம்தானே இது?"

"ஓம் அக்கா, அதேதான்."

கீழே முதல் வரிசையில் அவளுடைய ஐந்து வயது மகள் கவிசா இருந்தாள். பாலர் பாடசாலை இன்று பூட்டு என்பதால், சுபானி வேறு வழியில்லாமல் அவளைக் கூட்டி வந்திருந்தாள். பிள்ளைக்கு இருட்டென்றால் பயம்.

"நீங்கள் எங்க இருப்பியள் அம்மா?" என்று படத்துக்கு முன் கேட்டிருந்தாள்.

"பின்னால. ஆனா என்ர குரல் உனக்குப் பக்கத்திலயே இருக்கும்."

அதை நம்பித்தான் தனியே இருக்கச் சம்மதித்தாள்.

சுபானி மைக்கை மறுபடி போட்டாள். திரையில் பனிக்காட்டு வீட்டின் சமையலறை, கொதிக்கும் கேத்தலின் மெல்லிய சீறல், சுவரில் ஆடும் விளக்கின் நிழல், கண்ணாடி அறைக்குள் சூடேறிய வயரின் மணம், எல்லாம் நேற்றைப் போலவேதான் இருந்தன. அந்தப் பெண் வாயைத் திறந்தாள். படத்திலிருந்து பேச்சு எதுவும் வரவில்லை. சுபானியின் தாளிலும் அந்த இடத்தில் வசனம் இல்லை. பெண் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். அரங்கில் பிள்ளைகள் நெளிந்தார்கள்.

மறுபடியும் அதே வாயசைப்பு. கடைசியில் மேற்பல் கீழுதட்டில் படுகிறது. சுபானி தன் மகளைத் தினமும் கூப்பிடும் பெயர் அது. அவள் வாய் தானாகவே திறந்தது.

"கவி."

அரங்கின் எல்லாச் சுவர்களிலிருந்தும் அது வந்தது.

"கவி, இங்க வாம்மா. இங்க இருட்டில்லை."

"அக்கா, என்ன கதைக்கிறியள்?" நிசாந் எழுந்துவிட்டான்.

சுபானி பாய்ந்து மைக்கை அணைத்தாள். சிவப்பு வெளிச்சம் போனது. குரல் போகவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்தினாள். கைக்குள் உதடு அசையவில்லை. ஆனாலும் அவள் குரல் கீழே பேசிக்கொண்டிருந்தது. கனிவாக, பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் அதே கனிவோடு.

"மைக் நிண்டிட்டுது அக்கா," என்றான் நிசாந். "இது எங்கயிருந்து வருது?"

முதல் வரிசையில் ஒரு சின்னத் தலை எழுந்தது.

சுபானி கண்ணாடியில் அறைந்தாள். ஒருவரும் திரும்பவில்லை. கதவைத் தள்ளினாள். படிகள். இருட்டு. யாரோ ஒரு குழந்தையின் காலை மிதித்தாள். முதல் வரிசை.

கதிரை காலி.

திரையில் இப்போது வீட்டின் வெளிப்புறம். பனி. வெளிச்சமான ஒரு யன்னல். உள்ளே மேசையருகே கவிசா. முன்னால் ஆவி பறக்கும் கோப்பை. அந்தப் பெண் அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

சுபானி கத்தினாள். காற்றுத்தான் வந்தது.

கவிசா நிமிர்ந்தாள். யன்னலூடாக நேரே தாயைப் பார்த்தாள். முகம் பயத்தில் சுருங்கியது.

"அம்மா, ஆர் அது?"

அவள் கேட்டது சுபானியிடம் இல்லை.

"ஒருத்தருமில்லை, கவி," என்றாள் அந்தப் பெண், சுபானியின் குரலில். "நீ சாப்பிடு."

பிறகு யன்னலடிக்கு வந்தாள். சுபானியை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். திரைச்சீலையை இழுத்து மூடினாள்.