பொருந்தாத பெட்டியில் ஏழாம் பதிப்பு

காலை ஆறு மணிக்குச் சந்திரனின் தென்துருவக் குடியிருப்பில் செத்தவர்களுக்கு ஆஜர் எடுப்பார்கள். உயிரோடிருப்பவர்கள் பல் தேய்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பல வீடுகளில் மேசைமேல் ஒரு கணினி, கணினிக்குள் செத்தவரின் முகமும் குரலுமாக ஒரு நினைவர். பதிவகம் பெயரைக் கூப்பிடும்; நினைவர் "உள்ளேன்" என்று பதில் சொல்லவேண்டும். மூன்று நாள் தொடர்ந்து பதில் சேராவிட்டால், பதிவகமே தொலைவிலிருந்து அந்த நினைவரை அழித்துவிடும். கேட்பாரற்ற நினைவர்கள் பெருகிவிடக் கூடாதாம். சட்டம் போட்ட மகராசனுக்குப் பிள்ளைகுட்டி இருந்திருக்காது போலிருக்கிறது.

பூவலிங்கத்தின் மகள் சுடர்விழி, மூன்றாம் தேதி காலையிலும் "உள்ளேன்" என்று கணீரென்றுதான் சொன்னாள். பதிவகம் ஏற்கவில்லை. "ஆறாம் பதிப்பு இயங்குதளத்திற்கான ஆதரவு சென்ற மாதத்தோடு முடிந்தது. ஏழாம் பதிப்புக்கு மாறவும்" என்று திரையில் சிவப்பெழுத்து ஓடியது. முதல் தேதியும் இப்படித்தான் தவறியது. இரண்டாம் தேதி விடுமுறை, கணக்கில் வராது. ஆக, இது இரண்டாவது தவறல். நாளைக் காலை மூன்றாவது.

மாறமாட்டேன் என்று அவரா சொன்னார்? பத்துத் தடவை முயன்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் பெட்டி ஒரே பதிலைத்தான் சொன்னது: "இந்தக் கணினி ஏழாம் பதிப்புக்குப் பொருந்தாது." எப்படிப் பொருந்தும்? பனி உருக்கு நிலையத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில் கழித்துப் போட்ட பெட்டி அது. பத்தொன்பது வயது. விழி இருபத்தேழு வயதில் சுரங்கச் சரிவில் போனபோது, அதைத்தான் தூக்கிவந்து துடைத்து மேசையில் வைத்தார். புதுப்பெட்டி பூமியிலிருந்து கப்பலில் வரவேண்டும். அடுத்த கப்பலுக்குப் பதினோரு மாதம்.

அதனால்தான் ரெஜினாவைக் கூப்பிட்டார். காற்று வடிகட்டிப் பிரிவில் பொறியாளர்; நாற்பது வயதிருக்கும். ஓய்வு நேரத்தில் இந்த மாதிரி வேலைகளும் செய்வாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ரெஜினா பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஐயா, பொய் சொல்ல விரும்பல. ஏழாம் பதிப்பு ஏறுறதுக்கு முன்னாடி, இது எந்தக் காலத்துப் பெட்டின்னு சோதிக்கும். அந்தச் சோதனைக்குக் கண்ணைக் கட்டிவிட எங்கிட்ட ஒரு சின்ன நிரல் இருக்கு. கண்கட்டின்னு பேரு. ஏத்திடலாம். ஆனா நினைவகம் ரொம்பக் கம்மி. ஆறாம் பதிப்பை மொத்தமா அழிச்சாத்தான் ஏழுக்கு இடம் கிடைக்கும். நடுவுல நின்னுச்சுன்னா ஆறும் இல்ல, ஏழும் இல்ல."

"நிக்கிறதுக்கு எவ்வளவு வாய்ப்பு?"

"பாதிக்குப் பாதி."

பூவலிங்கம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஏற்றாவிட்டால் நாளைக் காலை நிச்சயமாகப் போய்விடுவாள். ஏற்றினால் இன்றைக்கே போனாலும் போவாள். எந்தத் தகப்பனுக்கும் இப்படி ஒரு நிலை வரக்கூடாது.

"ஒரு அஞ்சு நிமிஷம் அவகிட்ட பேசிக்கிறேம்மா" என்றார்.

ரெஜினா வெளியே போய் நின்றாள். திரையில் விழி முகத்தை நிமிர்த்தினாள். ஆறாம் பதிப்பில் முகம் அவ்வளவு துல்லியமாக இருக்காது. சிரித்தால் கன்னத்தோரம் லேசாகக் கலங்கும். பூவலிங்கத்துக்கு அது பழகிவிட்டிருந்தது.

"என்னப்பா, முகம் வாடிக் கிடக்கு? காலையில என்ன சாப்டீங்க?"

"உணவுக்கூடத்துல இட்லின்னு ஒண்ணு போட்டான். சுவத்துல எறிஞ்சா சுவரு உடையும்."

"ஐயய்யோ! நீங்க சும்மாவா விட்டீங்க? என்ன கேட்டீங்க? முழுசா சொல்லுங்க."

ஆறு வருஷமாக இப்படித்தான். உணவுக்கூடத்து இட்லியிலிருந்து முழங்கால் வலி வரை அவர் சொல்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்பாள். சொன்னதையே திருப்பிச் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டாள். அந்த மனிதர் நாள் முழுக்க உயிரோடு நடமாடியதே, வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்வதற்காகத்தான்.

அவர் இட்லிக் கதையை முழுசாகச் சொன்னார். என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ரெஜினா உள்ளே வந்து கண்கட்டியை ஏற்றினாள். ஆறாம் பதிப்பு அழிய நாலு நிமிஷம்தான் பிடித்தது. ஆறு வருஷம் நாலு நிமிஷத்தில் போயிற்று. பிறகு ஏழாம் பதிப்பு ஏறத் தொடங்கியது. இருபது விழுக்காடு, நாற்பது, அறுபத்தெட்டு. அறுபத்தெட்டில் நின்றது.

நின்றது என்றால் சட்டமாக நின்றது. கால் மணி, அரை மணி. பெட்டி தொடமுடியாமல் கொதித்தது. உள்ளே காற்றாடி கரகரவென்று அரைத்தது. பூவலிங்கம் சுவரிலிருந்த குளிர்காற்றுக் குழாயைப் பிய்த்து, பெட்டியின் முதுகுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் விறைத்துப்போயின.

"கையை எடுங்கய்யா, புண்ணாயிடும்."

"ஆகட்டும்" என்றார். அப்புறம் பெட்டியைப் பார்த்து, "தாயே, கைவிட்டுடாத, உன் கால்ல விழுறேன்" என்று கெஞ்சினார். கடவுளிடம்கூட அவர் இப்படிக் கெஞ்சியதில்லை.

முக்கால் மணி கழித்து அறுபத்தொன்பது வந்தது. அதன்பின் விறுவிறுவென்று ஏறி முடிந்தது. ரெஜினா பதிவகத்துக்குச் சோதனை அழைப்பு அனுப்பினாள். "சுடர்விழி" என்றது பதிவகம். "உள்ளேன்" என்றது பெட்டி. பச்சை விளக்கு எரிந்தது. பூவலிங்கம் குழாயைக் கீழே போட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார். ரெஜினா அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பணிக்குக் கிளம்பினாள்.

மாலை நாலு மணிக்கு அவளுடைய கைப்பேசி அடித்தது. பூவலிங்கம்தான்.

"அம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போறியா? ஏதோ பழுது. விழி சரியில்ல."

ரெஜினா வந்து பார்த்தாள். திரையில் விழி பளிச்சென்று இருந்தாள். கன்னத்துக் கலங்கல் இல்லை, இமைமுடி ஒவ்வொன்றும் தெரிந்தது. ஆனால் கண் அப்பாவின்மேல் இல்லை. திரைக்குள் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் மேலும் கீழும் நகர்ந்தபடி இருந்தது.

"பாரு, நீயே பாரு" என்று பூவலிங்கம் திரைப்பக்கம் குனிந்தார். "விழிம்மா, அந்த உணவுக்கூடத்துக்காரன் இன்னிக்கு மத்தியானம்..."

"ம்."

"நான் நேரா அவன்கிட்டயே போயி..."

"ம், சரிப்பா. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்."

திரை மங்கிவிட்டது.

"காலையிலேருந்து ஒன்பது தடவை கூப்பிட்டுட்டேன். ஒன்பது தடவையும் இதேதான். செத்தவளுக்கு என்னம்மா வேலை? கண்கட்டி எதையோ கெடுத்துடுச்சு."

ரெஜினா சோதனைப் பலகையைச் செருகி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாமே பச்சை. மறுபடி பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஐயா, குறை எதுவும் இல்ல. ஒரிஜினலோட பொருத்தம் தொண்ணூத்தொன்பது விழுக்காடுன்னு காட்டுது."

"இதுவா பொருத்தம்? என் பொண்ணு இப்படியா?"

"ஆறாம் பதிப்புக்குச் சக்தி பத்தாது. அது கொஞ்சம் படம், கொஞ்சம் குரல், இவ்வளவைத்தான் எடுத்துக்கும். மிச்சத்தையெல்லாம், எதிர்ல உக்காந்து பேசுறவங்க ஆசைப்படுற மாதிரி இட்டு நிரப்பிக்கும். ஏழாம் பதிப்பு அப்படியில்ல. உங்க பொண்ணு வாழ்நாள் முழுக்கப் பேசின அத்தனை அழைப்பையும் சேமிப்பகத்துலேருந்து எடுத்துப் படிச்சிருக்கு." அவள் பலகையைப் பார்த்தாள். "கடைசி அஞ்சு வருஷத்துல நீங்க அவங்களைக் கூப்பிட்டது ரெண்டாயிரத்து நூத்திச் சொச்சம். சராசரியா ஒரு அழைப்புக்குப் பதினொரு விநாடி."

பூவலிங்கம் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லத்தான் திறந்தார்; ஆனால் நெஞ்சுக்குள் எங்கோ, ஆமாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவள் சாவதற்கு முதல் நாள்கூட அப்படித்தான்.

"பழசு எனக்குப் போதும்மா" என்றார் மெதுவாக. "பொய்யா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அவளையே கொண்டாந்துடு."

"அது அழிஞ்சு போச்சுங்கய்யா. நான்தான் முன்னாடியே சொன்னேனே."

இனி நாளைக் காலை ஆறு மணிக்கு விழி "உள்ளேன்" என்பாள். நாளன்றைக்கும் சொல்வாள். அவர் போய்ச் சேருகிற வரைக்கும் ஒரு நாள் தவறாமல் சொல்வாள். அவ்வளவுதான் சொல்வாள்.

ரெஜினாவுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவள் கைப்பேசி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கப்பா... ம்... சாப்ட்டேன்... வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். பூவலிங்கம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்பாவாம்மா?"

"ஆமாங்கய்யா. முக்கியமா ஒண்ணும் இல்ல, பொழுது போகாம கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு" என்று ரெஜினா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "நீங்க சொல்லுங்க, பெட்டியில வேற ஏதாவது கோளாறு இருக்கா?"