சிதைவு பூஜ்ஜியம்

புதிதாக வந்த ஸ்பீக்கர் ஜோடியும் "போறேன்" என்றுதான் சொன்னது.

தரணிதரன் எழுந்து போய்ப் பெட்டிகள் இரண்டையும் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்துவைத்தார். மறுபடி நாற்காலியில் வந்து உட்கார்ந்து அதே ஒலிச்செய்தியை ஓடவிட்டார்.

"அப்பா, சிங்காநல்லூர் ஸ்டாண்டுல நிக்கறேன். நான் போறேன்."

மகள் ஆதிரையின் குரல். அவளே கூடத்தின் நடுவில் வந்து நிற்பதுபோல் அத்தனை தெளிவு. பேருந்து நிலையத்தில் நின்று பேசியவளின் பின்னால் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. வேறு யாராவது என்றால் இந்தத் தெளிவுக்காகவே அந்தப் பெட்டியை வாங்கியிருப்பார்கள். தரணிதரனுக்கு அதைத் தூக்கித் தெருவில் எறியலாம்போல் இருந்தது.

புத்தக அலமாரிக்குள் அடங்கும் குட்டி ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அவர் பிழைப்பு. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அவர் 'சுமார்' என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அந்தப் பெட்டி கடைக்காரனுக்குத் தலைவலி. செவியறி வந்த புதிதில் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியவரும் அவர்தான்.

செவியறி என்பது மிளகு அளவுள்ள ஒரு சில்லு. ஸ்பீக்கருக்குள் இருந்தபடியே, எதிரே உட்கார்ந்திருப்பவரின் நாடியையும் முகத்தசையையும் படிக்கும். பதிவில் இரைச்சல் மூடியிருக்கிற இடங்களைத் துடைத்து எடுத்துவிட்டு, கேட்பவரின் மனசுக்கு ஒத்த ஒலியை இட்டு நிரப்பும். ஒரே அறையில் இரண்டு பேர் இருந்தால் ஒலியைக் கீற்றாகப் பிரித்து, அவரவர் காதுக்கு அவரவர் பங்கை அனுப்பும். ஜனங்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. இப்போது செவியறி இல்லாமல் ஸ்பீக்கரும் இல்லை, ஹெட்போனும் இல்லை, ஃபோனும் இல்லை.

ஆதிரை போன காரணமும் ஸ்பீக்கர்தான். அவள் பாடிப் பதிவு செய்த முதல் பாட்டை ஊரார் பாட்டைப்போலவே தரணிதரன் கேட்டார். 'குரலில் உயிரில்லை, கடந்துவிடலாம்' என்று தம் வலைப்பக்கத்தில் எழுதியும் போட்டார். மகள் என்பதற்காகத் தராசு முள் சாயவில்லை என்று ஊரெல்லாம் மெச்சியது. அடுத்த நாள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பேருந்து நிலையத்திலிருந்து இந்த ஒரு செய்தி வந்தது.

நம் வீடுகளில் பக்கத்துக் கடைக்குக் கிளம்புகிறவர்கள்கூட 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள். வெறும் 'போறேன்' என்றால் அது உறவை அறுத்துக்கொண்டு போகிற போக்கு. அப்படிச் சொன்னவளை நான் எதற்குக் கூப்பிட வேண்டும் என்று தரணிதரன் வீம்பாக இருந்துவிட்டார். மாதங்கள் ஓடின. மனைவி மேகலா அழைத்தால் ஆதிரை எடுப்பதில்லை. எப்போதாவது 'நல்லாருக்கேன்' என்று எழுத்தில் ஒரு வரி வரும்.

போன வாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மேகலா வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"அவதான் வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறாளேங்க. வருவா."

"வரேன்னா? போறேன்னுதானே சொன்னா?"

"ஏனுங்க, நானும் தெனமும் கேட்டுட்டுத்தான இருக்கறேன். 'நான் வரேன்'னு எவ்வளவு தெளிவாச் சொல்றா."

இருவரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டார்கள். அவருக்குப் 'போறேன்', அவளுக்கு 'வரேன்'. அன்றைக்குப் பிடித்தது அவருக்குப் பேய். மதிப்பீடு என்ற சாக்கில் கிடைத்த கம்பெனியிலிருந்தெல்லாம் பெட்டிகளை வரவழைத்தார். மரப்பெட்டி, உலோகப்பெட்டி, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, எதில் கேட்டாலும் அதே கதை. ஒன்றின் முதுகைத் திறந்து செவியறியைப் பிடுங்கிப் பார்த்தார், பெட்டியே செத்துப்போயிற்று. பேச்சை எழுத்தாக்கும் கருவியில் போட்டுப் பார்த்தார். 'நான்' என்று எழுதியபின் 'பேருந்து இரைச்சல்' என்று போட்டுவிட்டு அது கையை விரித்தது. அவள் வரேன் என்று சொல்லியிருந்தால்? இத்தனை மாதமும் அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? நினைக்க நினைக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் பீளமேட்டில் ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பொறியாளர் ஷாகிராவைத் தேடி, மேகலாவையும் அழைத்துக்கொண்டு போனார். செவியறியை வடிவமைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

"பயந்து பயந்து கேக்கறதால எனக்குப் போறேன்னு கேக்குதாம்மா?" என்றார்.

ஷாகிரா கொஞ்சம் தயங்கினாள். "செவியறி பயத்தைக் குடுக்காதுங்க சார். குடுத்தா அதை யாரு வாங்குவாங்க? எந்தச் சத்தத்துக்கு உங்க ஒடம்பு எளகுதோ, அதைத்தான் குடுக்கும்."

"அதைக் கேட்டா எனக்கு நெஞ்சே அடைக்குது. எளகறதாவது."

அவர் கொண்டுவந்திருந்த பெட்டியில் செவியறி குறித்துவைத்திருந்த நாடிப் பதிவை அவள் திரையில் விரித்துக் காட்டினாள். "நெஞ்சு அடைக்கறது அதுக்கப்புறம் நீங்க யோசிக்கறதால. அந்த வார்த்தை விழுகறப்ப உங்க நாடி எறங்குதுங்க சார்."

தரணிதரன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். போறேன் என்று அவளே சொல்லிவிட்டால் குற்றம் அவளுடையது. அவர் இறங்கிப்போக வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த நிம்மதியைத்தான் பெட்டி இத்தனை நாளும் அவருக்கு ஊட்டிவிட்டிருக்கிறது. அவருக்குத் தம்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அவ பாட்டையும் இதுலதான் கேட்டேன்," என்றார் மெதுவாக. "அவ பாட்டு, கூத்துன்னு போறது எனக்குப் பிடிக்கல."

ஷாகிரா திரையை அணைத்தாள். "அளவு பாக்கறதுக்குன்னு செவியறி இல்லாத ஜோடி ஒண்ணு இங்க வெச்சிருக்கோம். கேக்க நல்லாவே இருக்காதுங்க சார்," என்று சொல்லி ஒரு மேசைக்குக் கூட்டிப்போனாள்.

பூச்சுக்கூட இல்லாத இரண்டு மரப்பெட்டிகள். பக்கத்தில், பெட்டி ஒலியை எவ்வளவு கெடுக்கிறது என்று காட்டும் சிதைவுமானி. ஷாகிரா செய்தியை ஓடவிட்டாள். இரைச்சல் அருவிபோல் கொட்டியது. எஞ்சின் உறுமல், ஹாரன், "காங்கேயம், வெள்ளகோவில், கரூர்" என்று கத்துகிற நடத்துநர். அதற்கு அடியில் எங்கேயோ ஆதிரை. முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டு, இருவரும் பெட்டியோடு காதை வைத்துக் கேட்டார்கள். மெல்ல மெல்ல வார்த்தைகள் மேலே வந்தன.

"நான்... நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வரேன். இல்லீன்னா போறேன்."

மேகலா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஆளுக்குப் பாதியாக அந்த வாக்கியத்தைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒருத்தி வாசலைப் பார்த்தபடியும் ஒருவர் வாசலைச் சாத்தியபடியும் இத்தனை மாதம் உட்கார்ந்திருக்கிறார்கள். கூப்பிட வேண்டியவர் கூப்பிடவே இல்லை.

"இப்பக் கூப்பிடுங்க," என்றாள் மேகலா. "இங்கயே, இந்தப் பெட்டில போட்டுக் கூப்பிடுங்க. அவ என்ன சொல்றாளோ, அது அப்படியே கேக்கட்டும்."

ஷாகிரா அவருடைய ஃபோனை மரப்பெட்டிகளோடு இணைத்தாள். மணி வெகுநேரம் அடித்தது. பிறகு ஆதிரை எடுத்தாள்.

"அப்பா?"

அந்த ஒரு சொல்லில் அவள் இழுத்த மூச்சுகூடக் கேட்டது. அவளுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு மின்விசிறி கடகடத்தது. தரணிதரன் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, தப்பு என்னுதுதான். நீ வந்துரு..."

அதற்குமேல் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது. மிச்சமெல்லாம் விசும்பலாக ஃபோனுக்குள் போயிற்று.

மறுமுனையில் ஆதிரை பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"வந்துராதன்னு சொல்லத்தான் கூப்பிட்டீங்களாப்பா? பரவால்லப்பா, அழுகாதீங்க. கூப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு தெனமும் ஃபோனையே பாத்துட்டிருந்தேன். எதுன்னாலும் ஒரு முடிவு தெரிஞ்சாப் போதும்னு ஆயிருச்சு. இப்பத்தான் மனசு லேசாச்சு."

"இல்ல கண்ணு, வந்துருன்னுதான் அப்பா சொன்னாரு," என்று மேகலா பாய்ந்துவந்து ஃபோனைப் பற்றினாள். ஆனால் அவள் பேசி முடிப்பதற்குள் ஆதிரையின் கடைசி வார்த்தை வந்துவிட்டது.

"நான் போறேன்பா."

இந்தத் தடவை மேகலாவுக்கும் அப்படித்தான் கேட்டது.

தரணிதரன் மறுபடி அழைத்தார். மறுபடியும் அழைத்தார். எண் அணைக்கப்பட்டிருந்தது. "நான் வந்துருன்னுதான சொன்னேன்? நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்கதான?" என்று இருவரையும் மாறி மாறிக் கேட்டார். ஃபோன் இல்லாமல் பக்கத்தில் நின்று கேட்ட இருவரும் தலையாட்டினார்கள். ஆதிரையின் காதோரம் இருந்த ஃபோனுக்குள்ளும் ஒரு செவியறி உண்டு என்பதை ஷாகிரா சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் அவள் மேசைமேல் இருந்த சிதைவுமானியைப் பார்த்தாள். அது பூஜ்ஜியம் காட்டியது.