மூன்று கட்டம் பின்னால்

செப்டம்பர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் வேன்கள் பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையில் இருந்த அந்த வீட்டின் முன் நின்றன. வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வீடு. கதவைத் திறந்ததும் ஈரக் கல்லும் அழுகிய ஆப்பிளும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது.

"மாடிப்படிக் கைப்பிடியில யாரும் சாயாதீங்க" என்றார் சாவி கொடுத்த காவல்காரர் தெசியே. "அந்தம்மா விழுந்தது அங்கதான்."

"எந்தம்மா?"

"கதை எழுதினவரோட சம்சாரம்."

எங்கள் இயக்குநர் ஃபோவெல் புன்னகை செய்தார். வீட்டை அவர் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். நாங்கள் படமாக்க வந்த நாவல் இங்கேதான் எழுதப்பட்டது. வீட்டுப் பொருள்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றி, மனைவிக்குத் தன் கண்கள்மீதே நம்பிக்கை போகும்படி செய்கிற ஒரு கணவனின் கதை. 'எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள், நாளுக்கு நாள் கிட்ட வருகிறார்கள்' என்கிறாள் அவள். யாரும் நம்புவதில்லை. கடைசியில் படியிலிருந்து விழுந்து சாகிறாள். புத்தகத்தில் பேய் கிடையாது.

என் பெயர் மரிவோன், பிரெத்தாஞ் கடற்கரையைச் சேர்ந்தவள். என் வேலை ஃபோகஸ். அதைக் கொஞ்சம் விளக்கினால்தான் மீதி புரியும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு தூரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தெளிவு இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மங்கல். கேமராவிலிருந்து நடிகையின் கண்வரை நாடாவால் அளந்து, லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தை அந்த அளவில் வைப்பேன். அவர் நகர்ந்தால் வளையத்தைத் திருப்புவேன். கேமராவுக்குள் பார்க்கிறவருக்குச் சிறு பிழை தெரியாது. ஃபிலிமைக் கழுவிப் பெரிய திரையில் போட்டால்தான் தெரியும். அதுவரை எல்லாம் என் கையில்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் இரண்டாம் மாடி நடையில்தான் படப்பிடிப்பு. கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரக் கற்கள் பதித்த தரை, ஒவ்வொரு கட்டமும் முப்பது சென்டிமீட்டர். வளையம் லேசாக வழுக்குவதுபோல் இருந்தது. புதிதாகப் போட்ட கிரீஸ் என்று நினைத்தேன்.

கழுவிய சுருள்கள் பாரிஸிலிருந்து வியாழன் காலை சேர்ந்து வந்தன. ஊர்த் திரையரங்கில் போட்டுப் பார்த்தோம். நாயகி ஓடிலின் முகம் மங்கலாக இருந்தது. எல்லாக் காட்சியிலும்.

"பிரெத்தாஞ்காரி கண்ணுல கடல் உப்பு படிஞ்சு போச்சுபோல" என்றார் ஒளிப்பதிவாளர் கஸ்தோன். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "இருபது வருஷமா ஆம்பளைங்களையே வெச்சிருந்தேன். உனக்காக ஃபோவெல்கிட்ட சண்டை போட்டேன். இன்னிக்கு ஒரு ஷாட் மங்கினாலும் சாயங்கால ரயில்ல ஊருக்குப் போயிடு."

"நான் சரியாத்தான் அளந்தேன், கஸ்தோன்."

"அளந்தது நீ. தப்பா அளந்தது யாரு, உங்க அத்தையா?"

நான் திரையில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோகஸ் தவறினால், தெளிவு வேறெங்காவது போயிருக்க வேண்டும். அது எங்கே போயிருக்கிறது என்று தரைக் கற்களைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

திங்கட்கிழமைச் சுருளில் ஓடிலுக்கு மூன்று கட்டம் பின்னால் கற்கள் தெளிவாக இருந்தன. அங்கே யாரும் இல்லை.

செவ்வாய், இரண்டு கட்டம்.

புதன், ஒன்று.

பிழை என்றால் முன்னும் பின்னும் அலையும். இப்படி வரிசையாக நடந்து வராது.

அன்று எடுக்க வேண்டிய காட்சி, மாடிப்படி உச்சியில் கைப்பிடிக்கு முதுகைக் காட்டி ஓடில் நிற்பது. பகல் பதினொரு மணி. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தது. நாடாவைக் கேமராவில் மாட்டி, இழுத்துக்கொண்டு ஓடிலின் முன் போய் நின்றேன். இரண்டு மீட்டர் நாற்பது. சரியாக எட்டுக் கட்டம்.

"மரிவோன்" என்று கிசுகிசுத்தாள் ஓடில். "கழுத்துல மூச்சு விடாதயேன். கூசுது."

நான் அவளுக்கு எதிரில் நின்றிருந்தேன்.

"ஓடில், கைப்பிடிய விட்டுத் தள்ளி நில்லு."

"இங்கதான நிக்கச் சொன்னாரு."

ஃபோவெலிடம் போய்ச் சொன்னேன். "சார், இந்த ஷாட்ட வேற இடத்துல எடுக்கலாமா?"

"ஏன்?"

என்ன சொல்வது? கட்டங்களை எண்ணினேன் என்றா? கஸ்தோன் என் முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு விட்டார். "ஃபோகஸ் பிடிக்கத் தெரியலன்னு சொல்லத் தெரியாம சுத்தி வளைக்கிறா. போம்மா, இடத்துக்குப் போ."

போனேன். கேமரா ஓடத் தொடங்கியது. வளையத்தை இறுக்கிப் பிடித்தேன்.

அது என் விரல்களுக்குள் அசைந்தது.

கிரீஸ் அல்ல. யாரோ என் கைமேல் கை வைத்து, பொறுமையாக, ஒரு நூல் அளவு திருப்புவதுபோல் இருந்தது. விரல்கள் வெளுக்கும்வரை அழுத்தினேன். இரண்டு நாற்பதிலேயே பிடித்து வைத்தேன்.

அழுத்தம் திடீரென்று நின்றது. நான் ஜெயிக்கவில்லை. அது வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது.

ஓடிலின் தலை மெல்லப் பின்னால் சாய்ந்தது. காட்சியில் அது இல்லை. அவள் பின்னல் நேராக, விறைப்பாக, காற்றில் நீண்டிருந்தது.

படப்பிடிப்பில் 'கட்' சொல்லும் உரிமை இயக்குநர் ஒருவருக்குத்தான். உதவியாளர் சொன்னால், அதற்குப்பிறகு எந்தப் படத்திலும் வேலை கிடைக்காது.

"கட்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தபோது, பின்னால் கைப்பிடி உடைந்து, இரண்டு மாடி கீழே போய் விழுந்தது. சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்கால ரயிலைப் பற்றி யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை அந்தச் சுருள் வந்தது. கஸ்தோன் என்னை மட்டும் கூப்பிட்டார். திரையில் ஓடிலின் முகம் ஒவ்வொரு இமைமுடியும் எண்ணும்படி தெளிவாக இருந்தது. பிறகு நான் குறுக்கே ஓடினேன். அவளை இழுத்துக்கொண்டு ஓரமாக விழுந்தேன். நாங்கள் மங்கினோம்.

தெளிவு எங்களுடன் வரவில்லை. அது கேமராவை நோக்கி நகர்ந்தது.

ஒரு கட்டம். இரண்டு. மூன்று.

"வளையத்துல யார் கை?" என்றார் கஸ்தோன், மிக மெதுவாக.

"நான்தான் அங்க விழுந்து கிடக்கேனே. உங்க கை?"

"ரெண்டும் கேமரா கைப்பிடியில இருந்துச்சு."

ஐந்து. ஆறு. பிறகு திரை முழுவதும் மங்கிப் போனது.

"தொலஞ்சுது, போயிடுச்சு" என்று மூச்சு விட்டார்.

நான் தலையாட்டவில்லை. எட்டில் ஆறு போனால் இரண்டு கட்டம், அறுபது சென்டிமீட்டர். அந்த லென்ஸால் அதைவிட அருகில் இருக்கும் எதையும் தெளிவாகக் காட்ட முடியாது.

வேனுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து லென்ஸை எடுத்தேன். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. குளிர்ந்த லென்ஸ் சூடான இடத்துக்கு வந்தால் அப்படிப் படியும், பத்து நிமிடத்தில் தானே போய்விடும். துணியால் துடைத்தேன். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். படர்ந்தது, சுருங்கியது. மறுபடி படர்ந்தது.

கடிகாரத்தை வைத்து, மூச்சை எண்ணுவதுபோல் எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினாறு.