கோட்டுக்கு உள்ளே ‘ங்க’ இல்லை

மௌனிகா என்ற பெயருக்கு என்ன பொருள் என்று அவளிடம் அந்தத் தெருவில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் முடிய அரை மணி நேரம் ஆகும்.

வயது பதினொன்று. கருமத்தம்பட்டியில் யார் வீட்டுக்கு எந்தச் சொந்தக்காரர் ஒறம்பரையாக வந்திருக்கிறார், யார் வீட்டு மிக்ஸி ரிப்பேர் என்பதெல்லாம் அவளுக்கு முதலில் தெரியும். அவளுக்குத் தெரிந்த பத்தாவது நிமிடத்தில் ஊருக்கும் தெரியும்.

எதிர்வீட்டுக்குப் பொற்கொடி குடிவந்ததையும் அவள்தான் அறிவித்தாள். அவர் பையில் ‘மேனேஜர்’ என்று எழுதியிருந்தது. “எதிர்வீட்டுல மேனேஜர் வந்திருக்காங்க!” என்று ஓடினாள். சாயங்காலமே பயோடேட்டாவோடு மூன்று பேர் வேலை கேட்டு வந்துவிட்டார்கள்.

“ஏனுங்க, எந்த மில்லுங்க?”

“மில்லு இல்லீங்க. ஃபுட்பால் டீமுக்கு மேனேஜருங்க” என்றார் பொற்கொடி.

வந்தவர்கள் முகம் தொங்கிப் போனது. ஆனால் பெண் பிள்ளைகள் எட்டுப் பேர் துள்ளிக் குதித்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து மாநில அணிக்கு ஆடிய முதல் பெண் அவர்தான். பிறகு கல்லூரி அணிக்கு மேனேஜர் ஆகி, இப்போது சொந்த ஊருக்கே திரும்பியிருந்தார். ஒரே மாதத்தில் அந்த எட்டுப் பேரையும் அணியாக்கிவிட்டார்.

ஏழு பேர் ஆடும் ஆட்டம் அது. எட்டாவது ஆள் மௌனிகா. அதாவது, வெளியே உட்கார்ந்து எல்லோருடைய தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்பவள்.

ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் முதல் போட்டி. எதிரே மேட்டுப்பாளையம் அணி.

புதன்கிழமைப் பயிற்சியில் மௌனிகாவையும் உள்ளே இறக்கினார் மேனேஜர். கோலுக்கு முன்னால் அவள் தனியாக நின்றாள். பந்து நித்யஸ்ரீயிடம் இருந்தது. நித்யஸ்ரீ ஒரு வயது மூத்தவள்.

“அக்கா, எனக்குக் குடுங்கக்கா, இங்கதான் நிக்கறேனுங்கக்கா...”

அவள் முடிப்பதற்குள் பந்து பறிபோய், மைதானத்தின் மறுமுனைக்கே சென்றுவிட்டது.

மேனேஜர் விசில் ஊதினார். “நீ கடுதாசி எழுதி முடிக்கற வரைக்கும் பந்து நிக்குமா? எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ள யாரும் யாருக்கும் ‘ங்க’ போடக்கூடாது. அக்காவும் வேண்டாம். பேரு, அப்புறம் ‘குடு’. அவ்வளவுதான்.”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“கோட்டைத் தாண்டி வெளிய வந்ததும் மறக்காம ‘ங்க’ போட்டுக்கோணும்” என்றபடி அவரும் கோட்டுக்கு வெளியே வந்தார். “வாங்க கண்ணுகளா, தண்ணி குடிங்க.”

மௌனிகாவுக்கு நாக்கு அரித்தது. நேராகப் பஸ் ஸ்டாப் பேக்கரிக்கு ஓடினாள். பேக்கரிக்காரர் சரவணன், அணியிலேயே நன்றாக ஆடும் வர்ஷினியின் அப்பா.

“மாமா, தெரியுமுங்களா? இனிமே ‘ங்க’ போடக்கூடாதுன்னு மேனேஜரம்மா சொல்லிப்போட்டாங்க!”

“ஆருக்கு?”

“ஆருக்குமே!”

கோட்டைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் கோட்டைச் சேர்த்துச் சொன்னால் செய்தி சப்பென்று போய்விடும். மௌனிகாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

பேக்கரியில் டீ குடித்தவர்கள் செய்தியைத் தறிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். தறி ஓடும் சத்தத்தில் பாதி வார்த்தை காதில் விழாது. விழாத பாதியை அவரவர் இட்டு நிரப்பிக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் செய்தி வளர்ந்து பெரிய ஆளாகிவிட்டது: ‘பெரியவங்களை வாடா போடான்னு பேசச் சொல்லி மேனேஜரம்மா பழக்கறாங்களாம்!’

அது போதாதென்று வியாழக்கிழமை ஒன்று நடந்தது. பயிற்சி முடிந்து மூச்சு வாங்க ஓடிவந்த வர்ஷினி, பேக்கரி நிறைய ஆட்கள் இருக்கும்போது, “அப்பா, தண்ணி குடு!” என்றுவிட்டாள்.

டீ உறிஞ்சும் சத்தம்கூட நின்றுபோனது. சரவணன் சுற்றியிருந்தவர்களை ஒரு முறை பார்த்தார். தண்ணீரை மட்டும் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மைதானத்துக்கு வந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருத்தி மௌனிகா.

மேனேஜர் அரை மணி நேரம் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பந்துகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார்.

மௌனிகா ஒரு பந்தை எடுத்து நீட்டினாள். “ஏனுங்க, அந்த ரூல் எதுக்குங்க?” என்று கேட்டாள்.

மேனேஜர் பையைக் கீழே வைத்தார்.

“எனக்கு அப்பப் பதினெட்டு வயசுங்க. மாநிலப் போட்டியில ஃபைனல். கோலுக்கு முன்னாடி நான் தனியா நிக்கறேன். பந்து கேப்டன் அக்காகிட்ட. என்னைவிட ஆறு வயசு பெரியவங்க. ‘அக்கா, இந்தப் பக்கம் குடுங்கக்கா’ன்னு கேட்டேன். ‘குடு’ன்னு சொல்றப்ப அவங்ககிட்டப் பந்து இருந்துச்சு. ‘ங்கக்கா’ முடியறப்ப இல்ல.”

“அப்புறமுங்க?”

“அப்புறமென்ன, தோத்தோம். இருபத்தொம்பது வருசமாச்சு. இன்னும் தூக்கத்துல ‘குடு, குடு’ன்னு கத்தறனாம். அக்கம்பக்கத்துல சோறு கேக்கறேன்னு நெனச்சிருப்பாங்க.”

அந்தச் சத்தத்தை மௌனிகா ஏற்கெனவே கேட்டிருந்தாள். ‘மேனேஜரம்மா தூக்கத்துல யார்கிட்டயோ என்னமோ கேக்கறாங்க’ என்று ஆறு வீட்டில் சொல்லியும் இருந்தாள். அதை இப்போது சொல்ல வாய் வரவில்லை. ஆனால் இன்னொன்றைச் சொன்னாள்.

“நாந்தானுங்க சொன்னேன். பேக்கரியில. பாதி மட்டும்.”

“எந்தப் பாதி?”

“கோடு இல்லாத பாதிங்க.”

மேனேஜர் பையின் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

“நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பாக்கறேங்க” என்றார் அவர். “ஏழு பேர் சேரலீன்னா, வரலீன்னு போன் பண்ணிப்போடறேன். வேற என்ன பண்ண?”

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். போகும்போது ஒரு முறை அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை. அந்தச் செய்தி போன வழியிலேயே மௌனிகா கிளம்பினாள், பின்பக்கத்திலிருந்து. முதலில் தறிக்கூடம். அணியில் இருவர் அங்கே தறி ஓட்டும் பங்காரம்மாவின் மகள்கள்.

“பெரியம்மா! நான் பாதிதானுங்க சொன்னேன்! மீதி இதுங்க!”

“என்னது? பீதியா?”

“மீதிங்க! கோட்டுக்கு உள்ள மட்டுந்தானுங்க!”

“வீட்டுக்கு உள்ளயா?”

பங்காரம்மா தறியையே நிறுத்திவிட்டார். ஓடுகிற தறியை நிறுத்துவது லேசான காரியமில்லை. சுற்றியிருந்தவர்களும் என்னவோ ஏதோவென்று நிறுத்தினார்கள். கூடமே அமைதியானது. அந்த அமைதியில், எல்லோரும் பார்க்க, மௌனிகா முழுக் கதையையும் சொன்னாள். கோடு, தண்ணீர், ‘வாங்க கண்ணுகளா’, ஃபைனல், இருபத்தொன்பது வருடம், எல்லாம்.

“இதைய அன்னிக்கே முழுசாச் சொல்றதுக்கு உனக்கு என்ன அம்மணி?” என்றார் பங்காரம்மா.

அதற்குள் மௌனிகா வாசலைத் தாண்டியிருந்தாள்.

அப்படியே வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் முறைத்தார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மதியத்துக்குள் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள், மௌனிகாவையும் சேர்த்து.

வர்ஷினி மட்டும்தான் பாக்கி. பேக்கரியைக் கடைசியாக வைத்திருந்தாள். அங்கே போகத்தான் பயமாக இருந்தது.

சரவணன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அடடா, லேட்டாப் போச்சே கண்ணு. காலையிலதான் அவளைப் பல்லடத்துக்கு அத்தை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டேன். நாளைக்குச் சாயந்தரந்தான் வருவா.”

கூடவே ஒரு தேங்காய் பன்னையும் எடுத்து நீட்டினார். மௌனிகா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேங்காய் பன்னைக் கடிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூர் மைதானத்தில், வர்ஷினி நிற்க வேண்டிய இடத்தில் மௌனிகா நின்றாள்.

மேட்டுப்பாளையம் அணி ஒரு கோல் போட்டுவிட்டது. கடைசி நிமிடம். பந்து நித்யஸ்ரீயிடம். கோலுக்கு முன்னால் மௌனிகா தனியாக நின்றாள்.

“நித்யா, குடு!”

அவள் வாயிலிருந்து அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சின்ன வாக்கியம் வந்ததே இல்லை. பந்து வந்தது. நேராகக் காலடிக்கு வந்தது.

அடித்தாள்.

பந்து கோலுக்கு மேலே, அதற்குப் பின்னால் இருந்த கொய்யா வண்டிக்கும் மேலே பறந்துபோனது. கொய்யாக்காரர் குனிந்துகொண்டார்.

விசில் ஊதிவிட்டார்கள். வர்ஷினி அடித்திருந்தால் அது கோல். மைதானத்தில் எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. மௌனிகாவுக்கு அதுதான் இன்னும் வலித்தது.

கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள். மேனேஜர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். “குடிங்க கண்ணு.”

“சாரிங்க.”

“உங்ககிட்டப் பந்தாவது வந்துச்சுங்க” என்றார் மேனேஜர். “எனக்கு அதுவும் வரலீங்க.”

பிறகு இருவரும் காலி பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டார்கள்.

கருமத்தம்பட்டி பஸ் ஸ்டாப்பில் இறங்கியபோது, பேக்கரி வாசலில் சரவணன் நின்றிருந்தார். பல்லடத்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய வர்ஷினியும் பக்கத்தில் நின்றாள். கையில் இன்னும் துணிப்பை இருந்தது.

“ஜெயிச்சீங்களா?” என்றார் சரவணன்.

எல்லோரும் மௌனிகாவைப் பார்த்தார்கள். செய்தி சொல்வது அவள் வேலை அல்லவா?

“தோத்துப்போயிட்டோமுங்க” என்றாள் மௌனிகா. “கடைசியில நான் மேல அடிச்சுப்போட்டேனுங்க. வர்ஷினி இருந்திருந்தா அது கோலுங்க. அவ இல்லாததுக்கு நாந்தானுங்க காரணம்.”

எந்தப் பாதியும் மிச்சம் வைக்கவில்லை. ‘ங்க’ ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

வர்ஷினி உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். சரவணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“ஏனுங்க மேனேஜரம்மா, அடுத்த மேட்ச் எப்பங்க? இவளுக்கு ஷூ சின்னதாப் போச்சு. அதுக்குள்ள வேற வாங்கோணும்.”

அடுத்த மேட்ச் எந்தத் தேதி, எந்த மைதானம், எதிரே எந்த ஊர், எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்பதெல்லாம் மௌனிகாவுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள். இந்த ஒரு செய்தியை மேனேஜரம்மாவே சொல்லட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.